பழைய இயந்திரமும் அதன் உண்மை உருவும்

பழுதுபார்த்தல் வேறு, புதுப்பித்தல் வேறு. ஓடாத வண்டியை ஓடவைப்பது முன்னையது. ஒரு காலத்தில் எவ்வாறிருந்ததோ அவ்வாறே அதனை மீண்டும் ஆக்குவது பின்னையது. ஆயின் அந்த 'ஒரு காலம்' எக்காலம்? வண்டி தொழிற்சாலையை விட்டு வெளிவந்த காலமா? அன்றி, ஒரு குடும்பம் அதனை நம்பி வாழ்ந்த காலமா? பூவரசங்குளத்தில் எமது வீட்டுக் கொட்டிலில் ஆண்டுக்கணக்காகக் கிடந்த மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பிரித்துப் பூட்டியபோது இவ்வினா என்னை எதிர்கொண்டது. யான் பொறியியல் பயின்றவனல்லன். வெளிவாரியாகக் கலைமாணிப் பட்டம் பெற்று, வரலாறு கற்பிக்கும் ஓர் ஆசிரியன். கையில் எண்ணெய் படிந்திருந்தபோதும் மனம் வரலாற்றையே நாடிற்றென்றால் அன்பர்கள் பொறுத்தருள்வார்களாக.

அவ்வண்டி பி.எஸ்.ஏ. நிறுவனத்தாரின் 'பான்ரம்'. அம்மூன்று எழுத்துக்களின் விரிவு பர்மிங்காம் சிறு படைக்கல நிறுவனம் என்பதாகும். துப்பாக்கி செய்தோர் பின்னர் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் செய்தனர். பான்ரம் என்பது சிறுசாதிக் கோழியின் பெயர். 1948 ஆம் ஆண்டில் சந்தைக்கு வந்த இவ்வண்டி, உண்மையில் ஆங்கிலேயர் சிந்தையிற் பிறந்ததன்று. ஜேர்மனியில் டி.கே.டபிள்யூ. நிறுவனத்தில் ஹேர்மன் வேபர் என்பார் இரண்டாம் உலகப் போர் மூளும் காலத்தில் அமைத்த ஆர்.ரீ. 125 என்னும் வண்டியே இதன் மூலம். போரிலே தோற்ற நாட்டிடமிருந்து இழப்பீடாகப் பெறப்பட்டவற்றுள் அதன் வரைபடங்களும் அடங்கின. அவற்றிலிருந்து இங்கிலாந்தில் பான்ரமும், அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சன் நிறுவனத்தாரின் சிறு வண்டியும், சோவியத் நாட்டில் 'மொஸ்க்வா'வும் பிறந்தன. 1955 இல் ஜப்பானிய யமஹா நிறுவனம் வெளியிட்ட முதலாவது மோட்டார் சைக்கிளும் அதே அமைப்பைத் தழுவியதே. ஆங்கிலேயர் மில்லிமீற்றர் அளவுகளை அங்குலத்துக்கு மாற்றினர். கியர் மிதி வலக்காற் பக்கம் அமையவேண்டும் என்பதற்காக இயந்திரத்தைக் கண்ணாடியிற் கண்டாற்போல இடவலம் மாற்றினர். ஆகவே எமது கொட்டிலில் நின்றது பிறந்தபோதே மாற்றப்பட்ட ஒரு வண்டி. இதனை உளங்கொண்டால் மேலே கேட்ட வினா இன்னும் சிக்கலாகின்றது.

என் தந்தையார் இவ்வண்டியை 1974 ஆம் ஆண்டில் வவுனியாவில் இரண்டாங் கையாக வாங்கினார். 1990 இல் போர் மீண்டும் மூண்டபோது நாம் மல்லாவிக்கு இடம்பெயர்ந்தோம். வன்னிக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது, மின்கலமும் அரிதாயிற்று. அக்காலத்தில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை என் வயதொத்தார் அறிவர். சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். இது வன்னியார் கண்ட புதுமை என்று சிலர் கருதுவதுண்டு. அஃது அவ்வாறன்று. 'பேர்குசன்' உழவு இயந்திரங்களுள் ஒரு வகை, பெற்றோலிற் கிளம்பி மண்ணெண்ணெய் போன்ற மலிந்த எரிபொருளில் ஓடவே ஆக்கப்பட்டது. பாரமான இயந்திரத்துக்குப் பொருந்திய அம்முறையைச் சிறு வண்டிக்கும் பொருத்தியதே எம்மவர் திறமை.

2002 இல் தடை நீங்கி நாம் ஊர் திரும்பினோம். வண்டியும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி வந்தது. 2005 இல் தந்தையார் காலமானார். பின்னர் அதனைத் தொட்டவர் எவருமிலர். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோதுதான் கொட்டிலைத் திறந்தேன்.

மிதியை அழுத்தினேன், அசையவில்லை. துருவே காரணம் என்றெண்ணிப் பொறிச் செருகியின் துளையால் டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றிப் பத்து நாள் விட்டேன். பயன் இல்லை. தலைப்பகுதியைக் கழற்றிப் பார்த்தபோது துரு அதிகமில்லை. முசலத்தைச் சுற்றித் தேன் நிறத்தில் அரக்குப் போன்றதோர் இறுகிய படிவு இருந்தது. அம்மாவிடம் கேட்டேன். "அப்பா ஆமணக்கெண்ணெயெல்லோ விட்டவர்" என்றார். ஈரடிப்பு இயந்திரத்துக்குத் தனியே எண்ணெய்த் தொட்டி இல்லை. எரிபொருளோடு இருபதுக்கு ஒரு பங்கு எண்ணெய் கலக்கவேண்டும். தடைக்காலத்தில் அதற்குரிய எண்ணெய் ஏது? ஆமணக்கெண்ணெய் தாழ்ந்த பொருளுமன்று. பந்தய வண்டிகளுக்கு அது நெடுங்காலம் பயன்பட்டது. 'காஸ்ற்றோல்' என்னும் வணிகப் பெயரே ஆமணக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததாகும். ஆயின் அது வெப்பத்தில் அரக்காக இறுகும்; பின்னர் டீசலிலோ மண்ணெண்ணெயிலோ கரையாது. வாகன ரேடியேற்றரில் ஊற்றும் கிளைக்கோல் திரவத்தை மெல்லிய சூட்டில் வைத்து, உருளையை முசலத்தோடு அதனுள் ஒரு பகல் முழுவதும் அமிழ்த்தி வைத்தேன். மாலையில் மரத்துண்டால் தட்ட, முசலம் இறங்கிற்று. அத்திரவம் நஞ்சு, வெளியில் வைத்தே சூடாக்கவேண்டும், பயன்படுத்திய பாத்திரம் பின்னர் சமையலுக்கு ஆகாது. இதனை என் மனைவியார் எனக்குப் பன்முறை விளக்கினார்.

தலைப்பகுதிக்கும் உருளைக்கும் இடையிலே வேறொன்றும் இருந்தது. பழைய பானையின் அடியிலிருந்து வெட்டி, அரத்தால் அராவிய அலுமினியத் தகடு. தடிப்பு 2 மி.மீ. அது தொழிற்சாலை வைத்ததன்று, தந்தையார் வைத்தது.

அதன் பயன் யாது? எரிபொருளும் காற்றும் கலந்த கலவையை இயந்திரம் அமுக்கிய பின்னரே பொறி எரிக்கிறது. மண்ணெண்ணெய் மிகுதியாக அமுக்கப்பட்டால், பொறியினின்று பரவும் சுவாலை எட்டுமுன்பே எஞ்சிய கலவை தானே வெடித்து 'டக், டக்' என்று முசலத்தை அடிக்கும். இவ்வண்டியின் உருளை உள்விட்டம் 52 மி.மீ., வீச்சு 58 மி.மீ., அமுக்க விகிதம் 6.5. இரண்டு மி.மீ. தகடு செருகினால் மேலே எஞ்சும் வெளி ஏறத்தாழ 4 கன சென்ரிமீற்றர் கூடும், விகிதம் 5.6 அளவுக்கு இறங்கும். கரும்பலகையில் எழுதிக் கணித்தபோதே இதனை யான் அறிந்தேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய தந்தையார் காதாற் கேட்டு அறிந்திருந்தார். 1996 இல் மலேரியாக் காய்ச்சலில் நினைவிழந்த என்னை நள்ளிரவில் மல்லாவி வைத்தியசாலைக்கு ஏற்றிச் சென்றது இத்தகடு செருகிய வண்டியேயாம்.

தகட்டை எடுப்பதா, விடுவதா? பல நாள் வேலை நின்றது. மற்றப் பகுதிகளைக் கவனித்தேன்.

ஈரடிப்பு இயந்திரத்தில் கலவை முதலில் முசலத்தின் கீழுள்ள சுழற்றண்டறைக்குள் புகுந்து, அங்கே சிறிது அமுக்கப்பட்டு, பின்னரே மேலே செல்லும். ஆதலால் அவ்வறையின் எண்ணெய்ச் சீல்கள் காற்றுப் புகாதிருத்தல் இன்றியமையாதது. கிழிந்த சீல் வழியே காற்று நுழைந்தால் எரிபொருளும் அதனோடு செல்லும் எண்ணெயும் குறைந்து, முசலம் சூடேறி மீண்டும் இறுகும். வெளியிற் பளபளப்பாக்கி இச்சீல்களை மாற்றாது விடுவோர் பலர். சில்லினுட் காந்தம் அமைந்த மக்னீற்றோவே பொறி தருவதால் மின்கலம் வேண்டியதில்லை. தடைக்காலத்தில் இவ்வண்டி பிழைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். அச்சில்லைக் கழற்றினால் காந்தத்தின் நடுவே இரும்புத் துண்டொன்றை வைத்தல் நன்று. இன்றேல் வலு குன்றும். பழைய பிறேக் கட்டைகளில் அஸ்பெஸ்ரோஸ் இருக்கக்கூடும். தூளை ஊதாது ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். மில்லிமீற்றர் ஸ்பனர்களால் இதன் நட்டுக்களைத் திருகலாகாது, முனை மழுங்கும். விற்வேத் அளவு ஸ்பனர்கள் வேண்டும். அவற்றின்மேற் பொறித்த எண் நட்டின் அகலத்தையன்று, புரியாணியின் விட்டத்தையே குறிக்கும். இதனை அறியாது யான் கெடுத்த நட்டுக்கள் மூன்று.

வர்ணத்திலும் ஒரு வழக்கு எழுந்தது. தந்தையார் தூரிகையாற் பூசிய கறுப்பின் கீழே தொழிற்சாலையின் மெல்லிய பச்சை தெரிந்தது. முதலாம் வகைப் பான்ரத்துக்கு அதுவே உரிய நிறம். என் மகன் பச்சையே வேண்டுமென்றான். அம்மா பேசவில்லை, தாங்கியின்மேல் கையை வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார்.

ஈற்றில் யான் துணிந்தது இது. ஓட்டுபவர் உயிரும் இயந்திரத்தின் நலமும் எவற்றிலே தங்கியுள்ளனவோ அவை, அதாவது பிறேக், சீல், அமுக்கம், வயர் என்பன, தொழிற்சாலை விதித்தவாறே அமைதல் வேண்டும். கண்ணுக்கு மட்டும் உரியவற்றில் அதனை ஆண்டவர் கைவைத்த அடையாளம் நிற்கலாம். இன்று கிடைக்கும் 92 ஒக்ரேன் பெற்றோலுக்குத் தகடு தேவையில்லை. அதனால் வலு வீணே குறையும். ஆகவே தகட்டை எடுத்தேன். கறுப்பு வர்ணத்தைக் கழுவி மெழுகு பூசியதோடு விட்டேன். நூல் முறைப்படி புதுப்பிப்போர் இதனை அரைகுறை என்பர். பச்சைப் பான்ரங்கள் உலகிற் பல உள, இக்கறுப்பு ஒன்றே. மகன் இன்னும் உடன்படவில்லை.

2021 ஆம் ஆண்டுத் தைப்பொங்கலுக்கு முதல்நாள் வண்டி கிளம்பிற்று. அம்மா குசினியிலிருந்து வந்து பார்த்து, "மண்ணெண்ணெய் மணம் இல்லை" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஆண்டு நாடெங்கும் பெற்றோலுக்கு வரிசை நீண்டபோது, அத்தகட்டை மீண்டும் போடலாமே என்று மகன் கேட்டான். போடலாம்; ஆனால் அம்முறை மண்ணெண்ணெயும் கிடைக்கவில்லை. 2022 ஓகஸ்டில் அதன் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. தகட்டை எண்ணெய்த் துணியிற் சுற்றிக் கருவிப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.