இரு நாடுகளின் பெயர் தாங்கிய ரூபாய் நோட்டு

ஆட்சி மாறும்போது கொடியும் முத்திரையும் ஒரே நாளில் மாறிவிடலாம் என்றாலும், மக்களிடையே புழங்கும் பணம் அவ்வளவு விரைவில் மாறுவதில்லை என்பதற்கு 1948ஆம் ஆண்டில் பாகிஸ்தானில் வெளியான மேலச்சு ரூபாய் நோட்டுகள் தெளிவான சான்றாகும். மேலச்சு என்பது, முன்பே வழக்கிலுள்ள வடிவத்தில் அச்சான நோட்டின் மீது கூடுதலாகச் சில சொற்களைப் பொறிப்பதைக் குறிக்கும்.

1947 ஆகஸ்டில் பாகிஸ்தான் தனி நாடானபோது அதற்கென மைய வங்கியோ, நோட்டு அச்சிடும் அச்சகமோ இல்லை; அச்சகம் இந்தியாவின் பங்கில் சேர்ந்த நாசிக்கில் இருந்தது. நீர்க்குறி பதித்த தாள், நுட்பமாகச் செதுக்கிய தகடுகள் ஆகியவற்றை ஆயத்தம் செய்வதற்குப் பல மாதங்கள் தேவைப்படும் என்பதால், 1948 செப்டம்பர் 30 வரை இந்திய ரிசர்வ் வங்கியே இரு நாடுகளுக்கும் பொதுவான மைய வங்கியாகச் செயல்படும் என்று பிரிவினையின்போது ஏற்பாடாயிற்று.

அந்த ஏற்பாட்டின்படி, 1948 ஏப்ரல் 1 முதல் 1, 2, 5, 10, 100 ரூபாய் மதிப்புகளில் மேலச்சு நோட்டுகள் வெளியிடப்பட்டன. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் உருவம் கொண்ட இந்த இந்திய நோட்டுகளின் மேற்பகுதியில் 'பாகிஸ்தான் அரசு' என்ற பொருள்படும் சொற்கள் ஆங்கிலத்திலும், கீழ்ப்பகுதியில் அதே பொருளில் உருதுவிலும் பொறிக்கப்பட்டிருந்தன. மற்ற மதிப்புகளை ரிசர்வ் வங்கி வெளியிட, ஒரு ரூபாய் நோட்டை மட்டும் அரசே நேரடியாக வெளியிடும் வழக்கம் இருந்தமையால், அதில் இந்திய அரசின் பெயரும் பாகிஸ்தான் அரசின் பெயரும் ஒரே தாளில் இடம்பெற்றன. மேலச்சு பெற்றவை பாகிஸ்தானில் மட்டுமே செல்லும் என்றும், மேலச்சில்லாத இந்திய நோட்டுகள் குறிப்பிட்ட காலம் வரை அங்குச் செல்லும் என்றும் விதிக்கப்பட்டது.

எனினும், ஒரே வங்கி இரு அரசுகளுக்குப் பணிபுரிவது எளிதாக இருக்கவில்லை. பிரிக்கப்படாத இந்தியாவின் ரொக்க இருப்பில் பாகிஸ்தானுக்கு ஒதுக்கப்பட்ட 75 கோடி ரூபாயில் 20 கோடி முதலில் வழங்கப்பட்டிருக்க, எஞ்சிய 55 கோடியைக் காஷ்மீர்ப் போரை முன்னிட்டு நிறுத்திவைத்த இந்திய அரசு, காந்தியடிகள் உண்ணாநோன்பு இருந்த நாட்களில், 1948 ஜனவரியில் அதை வழங்க முடிவு செய்தது. இத்தகைய பிணக்குகளுக்கு இடையே பொது ஏற்பாட்டின் காலம் மூன்று மாதம் குறைக்கப்பட்டது. அந்நாட்டின் சொந்த மைய வங்கியான பாகிஸ்தான் ஸ்டேட் வங்கியை 1948 ஜூலை 1 அன்று முகமது அலி ஜின்னா தொடங்கிவைத்தார். அவ்வாண்டு அக்டோபரில், இங்கிலாந்தில் அச்சிடப்பட்ட 5, 10, 100 ரூபாய் நோட்டுகள் பாகிஸ்தானின் சொந்த வடிவில் வெளிவந்தன.

பகை முற்றியிருந்த காலத்திலும் மேலச்சு நோட்டுகள் பாகிஸ்தானின் சந்தைகளில் செல்லுபடியாயின என்பதிலிருந்து, பணத்தின் மதிப்பு அதிலுள்ள உருவத்தைக் காட்டிலும் அதை ஈடுசெய்யப் பொறுப்பேற்கும் நிறுவனத்தின் மீது மக்கள் கொண்ட நம்பிக்கையையே பெரிதும் சார்ந்தது என்பது உறுதியாகிறது.