சுரியானியர் கோவிலில் ஓர் ஆராதனை

நம் கல்லூரிக் கிறிஸ்தவ மாணவருட் பலர் தாம் பிறந்த சபையின் ஆராதனையன்றிப் பிறிதொன்றை அறியார். ஞானப்பாட்டு, வேதபாடம், பிரசங்கம், காணிக்கை, ஆசீர்வாதம் என்னும் ஒழுங்கிலே பழகியவர்க்கு, இந்நாட்டின் மிகப் பழைய கிறிஸ்தவராகிய மலையாளச் சுரியானியரின் வழிபாடு வேற்றுச் சமயத்தார் வழிபாடு போலவே தோன்றக்கூடும். சென்ற ஆண்டில், எம் விடுதித் தோழராகிய மலையாள மாணவர் அழைக்க, யாம் சிலர் சென்னையிலுள்ள மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையாரின் கோவிலுக்குச் சென்றிருந்தோம். ஆங்குக் கண்டனவற்றையும், அவற்றின் பொருளாகப் பின்னர்க் கேட்டும் படித்தும் அறிந்தனவற்றையும் ஈண்டு எழுதுகின்றோம்.

அவ்வாராதனையின் பெயர் குர்பானா. அதற்குக் காணிக்கை என்பது பொருள். மாற்கு சுவிசேஷம் ஏழாம் அதிகாரத்தில் 'கொர்பான்' என நாம் வாசிக்கும் சொல்லும் இதன் இனமே. சுரியானி என்பது நம் ஆண்டவர் பேசிய அரமேய மொழியின் ஒரு கிளை. இந்நாளில் ஆராதனையின் பெரும்பகுதி மலையாளத்திலேயே நிகழினும், சில தொடர்கள் சுரியானியிலேயே நிற்கின்றன. அவற்றினுள்ளும் கிரேக்கம் புகுந்துள்ளது! 'நன்கு நிற்போமாக' எனப் பொருள்படும் 'ஸ்தௌமென் காலோஸ்' என்று உதவியாளர் கூவ, மக்கள் 'குரியேலாயிசோன்' என்று விடை பகர்கின்றனர். 'ஆண்டவரே, இரங்கும்' என்பது அதன் பொருள். தமிழ் மாணவர்க்கு இன்னொன்று சொல்லல் வேண்டும். சிலுவை என நாம் நாடோறும் வழங்கும் சொல் 'ஸ்லீபா' என்னும் சுரியானிச் சொல்லினின்று வந்ததேயாம். அவர்தம் மொழி நமக்கு அத்துணை அயலன்று.

வாயிலிற் காலணியைக் களைந்து உட்புகுந்தோம். ஆடவர் ஒரு பாலும், முக்காடிட்ட மகளிர் ஒரு பாலுமாக நின்றனர். கிழக்கே பலிபீடம்; அதனை மறைத்து ஒரு பெருந்திரை. திரைக்குப் பின்னே குருவானவர் அப்பத்தையும் திராட்சரசத்தையும் ஆயத்தம் செய்து முடித்தபின் அது விலகுகின்றது. மெழுகுதிரிகளும், மணிகள் கட்டிய தூபகலசமும், அசைக்குந்தோறும் ஒலிக்கும் உலோக விசிறிகளும் ஏந்திய பணிவிடையாளரோடு அவர் பலிபீடத்தைச் சுற்றி வருகின்றார். அவரும் மக்களைப்போலவே கிழக்கு நோக்கி நின்று ஜெபிக்கின்றார். குரு மக்களுக்குப் புறங்காட்டுகின்றார் என்று குறை கூறுவாருளர். எல்லாரும் ஒரே திசை நோக்கி நிற்க, அவர் முன்னிற்கின்றார் என்பதே பொருந்துமென எமக்குத் தோன்றுகின்றது.

பிரசங்கம் உண்டு, ஆனால் அது குறுகியதே. அப்பத்தின்மேலும் பாத்திரத்தின்மேலும் பரிசுத்த ஆவியானவர் இறங்கியருளுமாறு வேண்டுகையில், குருவானவர் தம் கைகளைப் பறவையின் சிறகுகள்போல் அசைக்கின்றார். மணிகள் ஒலிக்கின்றன, எல்லாரும் தலை வணங்குகின்றனர். எழுத்தறியாத பாட்டியும் பள்ளிச் சிறுவனும் இன்ன இடத்தில் இன்ன விடை என்று புத்தகமின்றியே கூறுதலைக் கண்டு வியந்தோம். நம் சபைகளில் இத்துணைப் பேர் வாய் திறப்பது பாட்டு வேளையில் மட்டுமே. எனினும், அப்பம் பிட்கும் வேளையில் திரை மீண்டும் மூடப்படுதலும், குருவின் ஜெபங்களுட் சில எவர் செவிக்கும் எட்டாமையும் எம் மனத்துக்கு ஒவ்வவில்லை. மக்கள் கேட்டு 'ஆமென்' சொல்லற்குரியன அவை.

இம்முறை அவர்தம் நாட்டில் ஆதிமுதல் இருந்ததன்று. தோமா அப்போஸ்தலர் கி.பி. 52-இல் வந்தனர் என்பது அவர்தம் மரபு. பண்டு அவர்கள் பாரசீகச் சபையோடு தொடர்புற்றுக் கீழைச் சுரியானி முறையைக் கைக்கொண்டிருந்தனர். 1547-இல் நம் பரங்கிமலையிற் கிடைத்த பகலவி எழுத்துச் சிலுவையும், அதனை ஒத்த கோட்டயத்துச் சிலுவைகளும் அத்தொடர்பிற்குச் சான்றாகும். 1599-இல் உதயம்பேரூர் மன்றத்தில் போர்த்துக்கேயர் அவர்களை ரோமைச் சபைக்கு உட்படுத்தினர். 1653-இல் மட்டாஞ்சேரியில் அவர்களுட் பெரும்பாலோர் அத்தலைமையை ஏலோம் என்று கூனன் குருசு ஆணையிட்டனர். 1665-இல் எருசலேமினின்று மார் கிரிகோரியோஸ் வந்தபின்னரே, யாம் கண்ட மேலைச் சுரியானி முறை சிறிது சிறிதாக வேரூன்றியது.

விசுவாசப் பிரமாணம் முடிந்தபின் சமாதானம் வழங்கப்படுகின்றது. பலிபீடத்தினின்று புறப்படும் அது, ஒருவர் கையை மற்றொருவர் தம் இரு கைகளிடையே பற்ற, வரிசை வரிசையாகக் கடைசிவரை வருகின்றது. எம் பக்கலில் நின்ற முதியவர் ஒருவர், யாவரென்று வினவாமலே எமக்கும் அதனைக் கொடுத்தனர். ஆயின் அப்பமும் பாத்திரமும் அவர் சபையார்க்கே உரியன. யாம் பின்னே நின்றுவிட்டோம். ஆங்கிலிக்கர், மெதடிஸ்டர், பிரஸ்பிட்டேரியர், காங்கிரிகேஷனலார் 1947-இல் ஒன்றிய தென்னிந்திய திருச்சபையிற் பிறந்த எமக்கு, ஒரு கிறிஸ்தவ பந்தியில் இடமில்லை என்பது புதிது, நோவும் தந்தது.

வெளியே வந்தபின் தோழரை வினவினோம். "ஐக்கியத்தை உண்டாக்கும் கருவியாக யாங்கள் அதனைக் கருதுவதில்லை. விசுவாசத்தில் ஒன்றானவரின் ஐக்கியத்திற்கு அது முத்திரை," என்றார். யாம் அதனை ஏற்றோமில்லை. எனினும் அது செருக்கினாற் பிறந்த விலக்கன்று என்பது தெளிவாயிற்று. 1836-இல் ஆபிரகாம் மல்பான் தொடங்கிய சீர்திருத்தத்தின் வழிவந்த மார்த்தோமா சபையார், இதே ஒழுங்கிற் பலவற்றைக் காத்துக்கொண்டு, பரிசுத்தவான்களை நோக்கிய வேண்டுதல் முதலியவற்றை விலக்கினர். அவர் பந்தியில் நமக்கு இடமுண்டு. 1978-இல் அவரும் தென்னிந்திய, வட இந்திய சபையாரும் கூட்டு மன்றமும் அமைத்துள்ளனர். ஆகவே இவ்விரு கோவில்களையும் அடுத்தடுத்துக் காண்பது நன்று. செல்ல விரும்பும் மாணவர் காலைப் பிரார்த்தனை தொடங்குமுன்னரே செல்க. நெடுநேரம் நிற்றற்கும் ஆயத்தமாய்ச் செல்க.