"பரவாயில்லைங்க" என்ற பதிலுக்கு எத்தனை மார்க்?

மருந்து வாங்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வெளியே வரும் ஒரு பெரியம்மாவை நிறுத்தி, "எப்படிம்மா பார்த்தாங்க?" என்று கேளுங்கள். திருவெண்ணெய்நல்லூர் பக்கமானால் அநேகமாக வரும் பதில், "பரவாயில்லைங்க." நன்றாகப் பார்த்தார்கள் என்றாலும் அதுதான். நின்று நின்று கால் கடுத்தது, போகட்டும் என்றாலும் அதுதான். உன்னிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்றாலும் அதேதான். அரசூர் பஸ் வந்துவிட்டது, ஆளை விடு என்பதற்கும் அந்த ஒரு சொல் போதும். கேட்டவர் கையில் ஒரு படிவம். அதில் 'மிக மோசம்' முதல் 'மிக நன்று' வரை ஐந்து கட்டங்கள். நான்காவது கட்டத்தில் டிக் அடித்துவிட்டு அவர் அடுத்த ஆளைத் தேடிப் போகிறார். நோயாளிகளில் இத்தனை விழுக்காட்டினருக்குத் திருப்தி என்று பிறகு அறிக்கை வருகிறதே, அது பல நேரம் இந்த டிக்குகளின் கூட்டல்தான். அப்படி ஓர் எண் கண்ணில் பட்டால் அதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

பெரியம்மா பொய் சொல்லவில்லை. அரசு மருத்துவமனையைத் தர்மாஸ்பத்திரி என்று சொல்லி வளர்ந்த தலைமுறை அது. கம்பரைத் தாங்கிய சடையப்ப வள்ளலின் ஊர் வேறு. கொடுத்தவரைக் குறை சொல்லக் கூடாது என்பது இங்கே யாரும் கற்றுக்கொடுத்து வருவதில்லை, பழக்கத்தில் வருவது. காசு வாங்காமல் மாத்திரை கொடுத்த இடத்துக்கு மார்க் போடச் சொன்னால் யாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். அந்த மாத்திரை 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வரிப்பணத்தில் வாங்கியது, அந்த வரியில் தன் பங்கும் உண்டு என்பது அவருக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வராது.

கூச்சம் ஒரு பக்கம் என்றால் எதிர்பார்ப்பு இன்னொரு பக்கம். 1988-இல் பரசுராமன், ஜெய்தாமல், பெர்ரி என்ற மூவர் சேவையின் தரத்தை அளக்க ஒரு வழி சொன்னார்கள். பரசுராமன் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். வங்கி, பழுதுபார்க்கும் நிறுவனம் போன்ற இடங்களுக்காக யோசித்த முறை, நாளடைவில் ஆஸ்பத்திரிக்கும் வந்து சேர்ந்தது. கணக்கு எளிது: கிடைத்ததிலிருந்து எதிர்பார்த்ததைக் கழி. மிச்சம் வந்தால் மகிழ்ச்சி, குறைந்தால் வருத்தம். ஆனால் இதற்குள் ஒரு பொறி இருக்கிறது. எதிர்பார்ப்பே இல்லாதவருக்கு எது கிடைத்தாலும் மிச்சம்தான். மூன்று முறை போய் மூன்று முறையும் மருத்துவரைப் பார்க்க முடியாதவர், நான்காம் முறை பார்த்துவிட்டாலே முழு மார்க் போட்டுவிடுவார்.

அமர்த்தியா சென் 2002-இல் இதையே வேறு இடத்திலிருந்து சுட்டிக்காட்டினார். இந்தியாவில் ஆயுள் நீளமாக இருக்கும் கேரளத்தில்தான் தனக்கு நோய் இருக்கிறது என்று சொல்பவர்களும் அதிகம். ஆயுள் குறைவான பீகாரில் அப்படிச் சொல்பவர்கள் குறைவு. கேரளத்துக்காரர் நோயாளி, பீகார்க்காரர் ஆரோக்கியசாலி என்று இதை வைத்து யாரும் முடிவு கட்ட மாட்டார்கள். படிப்பும் மருத்துவமனையும் அருகில் இருந்தால்தான் மூட்டுவலி முதுமையின் சுபாவமாக இல்லாமல், கேட்க வேண்டிய நோயாகத் தெரிகிறது. ஆகவே, குறை அதிகம் வரும் சுகாதார நிலையம் மோசமானது, குறையே வராதது சிறந்தது என்று மேலதிகாரி முடிவு செய்தால், பல நேரம் தலைகீழாகத்தான் முடியும்.

சரி, நோயாளி தரத்தை எதை வைத்துத்தான் பார்க்கிறார்? நம் ஊரில் அதற்குத் தனி அகராதியே உண்டு. முதல் சொல் கைராசி. படிப்பு, பட்டம் எல்லாம் அதற்குப் பிறகுதான். கைராசிக்காரர் என்று பெயர் எடுத்தவரைக் கொஞ்சம் கவனித்துப் பார்த்தால், அநேகமாக நிமிர்ந்து முகம் பார்ப்பவராக இருப்பார், வலிக்கும் இடத்தைத் தொட்டுப் பார்த்திருப்பார், "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டிருப்பார். உலக சுகாதார நிறுவனம் 2000-ஆம் ஆண்டு அறிக்கையில் சிகிச்சையின் பலனுக்கு அப்பால் ஒரு மருத்துவ அமைப்பு மனிதரை எப்படி நடத்துகிறது என்பதையும் தனியாக அளக்க வேண்டும் என்றது. மரியாதை, அந்தரங்கம் காத்தல், முடிவில் நோயாளிக்கும் பங்கு, தாமதமில்லாத கவனிப்பு என்று அதில் வருபவற்றில் பாதியை நம் பாட்டிகள் கைராசி என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிட்டார்கள் என்பது என் எண்ணம்.

அகராதியின் இரண்டாவது சொல் ஊசி. இங்கேதான் சிக்கல். சளிக்கு ஊசி போடாமல், வெந்நீர் குடி, மூன்று நாளில் போய்விடும் என்று அனுப்பும் மருத்துவர் சரியாகத்தான் செய்கிறார். ஆனால் "ஊசி கூடப் போடலை" என்று அவருக்கு மார்க் குறையும். தெருமுனையில் பட்டமே இல்லாமல் ஊசி போடுபவருக்கு ஏறும். அமெரிக்காவில் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் வைத்து 2012-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், மருத்துவர் மேல் மிக அதிகத் திருப்தி சொன்னவர்களுக்கு மருந்துச் செலவும் கூடுதலாக இருந்தது, இறப்பு விகிதமும் கூடுதலாக இருந்தது. திருப்திதான் கொன்றது என்று அர்த்தமில்லை. திருப்தியும் தரமும் ஒரே வண்டியில் போவதில்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

அதனால் நோயாளியின் சொல்லைத் தள்ளிவிடலாமா என்றால், அது பெரிய தவறு. அவேதிஸ் தொனபேதியன் என்ற மருத்துவ அறிஞர் 1966-இல் தரத்தை மூன்று இடத்தில் தேடச் சொன்னார்: என்ன இருக்கிறது, என்ன நடக்கிறது, என்ன ஆனது. கட்டடம், கட்டில், மருந்து இருப்பை அதிகாரி வந்து எண்ணிக்கொள்ளலாம். என்ன ஆனது என்பது தெரிய மாதங்கள், வருடங்கள் ஆகும். நடுவில் இருக்கும் 'என்ன நடக்கிறது' என்பதற்கு, அறைக்குள் உட்கார்ந்திருந்த நோயாளியை விட்டால் வேறு நல்ல சாட்சி கிடையாது. சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது கணக்கு. ஒரு பேச்சுக்கு, காலை நான்கு மணி நேரத்தில் ஒரே மருத்துவர் 150 பேரைப் பார்க்கிறார் என்று வையுங்கள். தலைக்கு 96 விநாடி. உலக நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வந்த கட்டுரையில், மருத்துவரோடு கழியும் சராசரி நேரம் வங்கதேசத்தில் 48 விநாடி, சுவீடனில் இருபத்திரண்டரை நிமிடம். அந்த 96 விநாடியில் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றினார்களா, இல்லையா என்பது ஓ.பி. பதிவேட்டைப் பார்த்தால் தெரியாது. பதிவேட்டில் 130/80 என்று எழுதியிருக்கும். பட்டை சுற்றப்பட்டதா என்று அந்தக் கைக்குச் சொந்தக்காரருக்குத்தான் தெரியும்.

ஆகவே கேள்வியை மாற்ற வேண்டும். "திருப்தியா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "என்ன நடந்தது?" என்று கேட்க வேண்டும். எத்தனை மணிக்கு வந்தீர்கள், எத்தனை மணிக்கு மருத்துவரைப் பார்த்தீர்கள்? எந்த மாத்திரை எதற்கு என்று யாராவது சொன்னார்களா? மறுபடி எப்போது வரச் சொன்னார்கள்? இதற்கெல்லாம் "பரவாயில்லைங்க" என்று பதில் சொல்ல முடியாது. கூச்சத்துக்கும் இங்கே அதிகம் வேலையில்லை. ஒன்பது மணிக்கு வந்தேன், பதினொன்றரைக்குப் பார்த்தேன் என்பது குறையும் இல்லை, புகழ்ச்சியும் இல்லை.

ஆரம்ப சுகாதாரத்துக்கென்றே கேட்க வேண்டியவை வேறு சில உண்டு. பார்பரா ஸ்டார்ஃபீல்ட் என்ற அமெரிக்க மருத்துவர் அதன் அடையாளமாக நான்கைச் சொன்னார்: முதலில் போகும் இடமாக இருப்பது, தொடர்ந்து பார்ப்பது, பெரும்பாலான தேவைகளுக்கு அங்கேயே பதில் இருப்பது, மேலே அனுப்பினால் நூல் அறுந்துபோகாமல் பிடித்துக்கொள்வது. பெரியசெவலைப் பக்கம் கரும்பு வெட்டப் போகும் ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். வயது ஐம்பது, சுகரும் பிரஷரும் உண்டு. நெஞ்சு அடைத்தால் அவர் முதலில் எங்கே ஓடுகிறார், சுகாதார நிலையத்துக்கா, மருந்துக் கடைக்கா? போன மாதம் பார்த்தவருக்கு அவரை அடையாளம் தெரிகிறதா? முண்டியம்பாக்கத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள் என்றால் (இந்தப் பக்கத்தில் அந்த ஊர்ப் பெயரே மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியைக் குறிக்கும்), அங்கே மாற்றிய மாத்திரை திரும்பி வந்த பிறகு உள்ளூரில் கிடைத்ததா? அல்லது, எதற்கு அலைச்சல் என்று நேரே ஜிப்மருக்கே பஸ் ஏறிவிட்டாரா? ஏறிவிட்டார் என்றால் அதுவும் ஒரு மதிப்பீடுதான். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை, அவ்வளவே.

வாசலில் நின்று கேட்பதன் பெரிய ஓட்டையும் இதுவே. வந்தவரிடம்தான் கேட்கிறோம். ஒரு நாள் கூலி போகும் என்று வராதவர், போன முறை திட்டு வாங்கியதால் வராதவர், படுக்கையில் கிடப்பதால் வர முடியாதவர் யாரும் கணக்கில் இல்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அப்படிப் பெறுபவர்களின் அனுபவத்தை வீட்டுத் திண்ணையில் போய்த்தான் கேட்க வேண்டும். அதுவும் மாத்திரை கொண்டுவருபவரே கேட்கக் கூடாது. வெள்ளுடை போட்டவர் கேட்டாலே பதில் ஒரு படி இனிக்கும்.

இதெல்லாம் நுணுக்கம் பேசுவதற்காக இல்லை. 2018-இல் லான்செட் இதழில் 137 ஏழை, நடுத்தர வருமான நாடுகளை வைத்து ஒரு கணக்கு வந்தது. சிகிச்சையால் தடுத்திருக்கக்கூடிய மரணங்களில், ஆஸ்பத்திரிக்கே போகாததால் நேர்ந்தவை ஆண்டுக்கு சுமார் 36 லட்சம். போயும் சிகிச்சை சரியில்லாததால் நேர்ந்தவை சுமார் 50 லட்சம்.

அரசுக்கும் இது தெரியாததில்லை. 2013 முதல் தேசியத் தர உறுதிச் சான்று என்று ஒன்று இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் உண்டு. மொத்தத்தில் 70 விழுக்காடு எடுக்க வேண்டும். மதிப்பிட வருபவர்கள் நேரில் பார்ப்பார்கள், பதிவேடு புரட்டுவார்கள், ஊழியரிடம் பேசுவார்கள், நோயாளியிடமும் பேசுவார்கள். திருவெண்ணெய்நல்லூர்க்காரர்களுக்கு இது புதிய முறையாகத் தோன்றாது. சுந்தரருக்குக் கல்யாணம் நடக்கவிருந்த பந்தலில் வந்து, இவன் எனக்கு அடிமை என்று வழக்கிட்ட கிழவரின் கதை இந்த ஊரில்தான் தீர்ப்புக்கு வந்தது. அவைக்காரர்கள் வழக்கம் உண்டா என்று கேட்டார்கள், ஓலை உண்டா என்று கேட்டார்கள், சாட்சி உண்டா என்று கேட்டார்கள். சுந்தரர் கிழித்துப் போட்டது படியோலை. மூல ஓலை கிழவரிடம் பத்திரமாக இருந்ததால்தான் வழக்கு நின்றது. சடையப்பர் ஊர் என்று கை கூப்பி நிற்பவர்கள், இது கிழவர் வழக்காடிய ஊரும்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

அந்த அவையை நம் காலத்திலும் கூட்டிப் பார்த்தார்கள். தேசிய ஊரகச் சுகாதார இயக்கத்தின் கீழ் 2007 முதல் 2009 வரை, தமிழ்நாடு உட்பட ஒன்பது மாநிலங்களில், சில மாவட்டங்களில் ஊர்மக்களே தங்கள் சுகாதார சேவைக்கு மதிப்பெண் அட்டை போட்டார்கள். எண்கள் இல்லை, பச்சை, மஞ்சள், சிவப்பு. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் சிவப்பு புரியும். அட்டையை வைத்துக்கொண்டு ஊழியர்களும் மக்களும் எதிரெதிரே உட்கார்ந்து பேச வேண்டும் என்பதுதான் அதில் முக்கியமான பகுதி. நர்ஸம்மா ஏன் புதன்கிழமை வரவில்லை என்ற கேள்விக்கு, அன்றைக்குப் பக்கத்து ஊரில் தடுப்பூசி என்ற பதில் வரும். அதற்குப் பிறகு பேச்சு ஆள் பற்றாக்குறையை நோக்கித் திரும்பும். தனி ஆளைத் திட்டுவது குறையும்.

இப்போது கைக்கெட்டும் இடம் கிராம சபை. குடியரசு தினம், தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1 உள்ளாட்சி தினம் என்று தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள். அதுவரை பொறுக்க முடியாத குறையென்றால் சுகாதார உதவி எண் 104-க்குப் போன் செய்யலாம். எங்கே சொன்னாலும், "சரியா பார்க்கிறதில்லை" என்றால் தீர்மான நோட்டில் ஏறாது. "போன மாதமும் இந்த மாதமும் முப்பது நாள் சுகர் மாத்திரைக்குப் பதில் பத்து நாளைக்குத்தான் கொடுத்தாங்க, மீதிக்கு ரெண்டு தடவை பஸ் ஏறினேன்" என்றால் ஏறும். போகும்போது ஓ.பி. சீட்டையும் சுகர் நோட்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்; தேதி அதில்தான் இருக்கிறது.