தூரத்தைக் குறைத்த கணிதம்

வெற்றிடத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் பிரயாணம் செய்யும் ஒளி, கடலடியில் கிடக்கும் கண்ணாடி இழைக்குள் புகுந்ததும் சுமார் 2 லட்சம் கிலோமீட்டராகத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. சென்னையில் இருக்கும் ஒருவர் நியூயார்க்கில் உள்ள ஒரு சர்வரிடம் ஏதேனும் கேட்டால், இடையிலுள்ள 13,500 கிலோமீட்டரையும் இழை நேர்கோட்டில் கடப்பதாகவே வைத்துக்கொண்டாலும், கேள்வி போய்ப் பதில் திரும்ப விநாடியில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு கழிந்துவிடும். அற்பமான காலம்தான், ஆனால் இரு கணிப்பொறிகளும் தொடர்பு ஏற்படுத்திக்கொள்ள ஒரு முறை, ரகசியக் குறியீட்டுக்கு இசைந்துகொள்ள ஒன்றோ இரண்டோ முறை, கேட்டதை வாங்க இன்னொரு முறை என்று அந்தப் பிரயாணம் திரும்பத் திரும்ப நிகழ வேண்டியிருப்பதால், முதல் எழுத்து திரையில் தோன்றுமுன்பே ஏறத்தாழ அரை விநாடி போய்விடுகிறது. ஒளியை விரைவுபடுத்த வழியில்லை. ஆகவே தூரத்தைக் குறைப்பதொன்றே செய்யத்தக்க காரியம்.

கோடையில் வழிநடைக்காரர் அனைவரையும் ஒரே ஆற்றங்கரைக்கு வரச் சொல்லாமல் சாலை நெடுகத் தண்ணீர்ப் பந்தல் வைப்பதுபோல, ஒரு தளத்தின் படங்களையும் பக்கங்களையும் பிரதி எடுத்து, உலகின் பல நகரங்களிலுள்ள சர்வர்களில் வைத்துவிடலாம். சி.டி.என். எனப்படும் விநியோக வலையமைப்பின் மூலக் கருத்து இவ்வளவே. எந்தப் பிரதி எந்த சர்வரில் இருக்கிறது, கேட்பவரை எந்த சர்வருக்கு அனுப்புவது என்ற இரண்டு கேள்விகளில்தான் சிரமமெல்லாம் இருக்கிறது.

உலகளாவிய வலையைத் தோற்றுவித்த டிம் பெர்னர்ஸ் லீ, 1995-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில், இணையத்தின் நெரிசலைத் தீர்க்கும் மார்க்கம் ஒன்றைக் காணுமாறு தம் சகாக்களைக் கேட்டுக்கொண்டார். அதை ஒரு கணிதப் பிரச்னையாக ஏற்றுக்கொண்டவர் பேராசிரியர் டாம் லெய்டன். அவரோடு சேர்ந்து உழைத்தவர்களுள் முக்கியமானவர் டேனியல் லெவின் என்ற ஆராய்ச்சி மாணவர். முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். பத்து சர்வர்களுக்குள் கோப்புகளை எளிய வகுத்தல் கணக்கால் பங்கிட்டிருந்தால், பதினோராவது சர்வர் வந்து சேர்ந்த மாத்திரத்தில் பெரும்பாலான கோப்புகள் இடம் மாற வேண்டும். கோப்புகளையும் சர்வர்களையும் ஒரு கற்பனை வட்டத்தின்மீது நிறுத்தி, ஒவ்வொரு கோப்பும் தனக்கு அடுத்து வரும் சர்வரைச் சேரட்டும் என்று விதித்துவிட்டால், சராசரியாகப் பதினொன்றில் ஒரு பங்கே இடம் மாறும். இந்த முறையை விளக்கி 1997-இல் வெளிவந்த ஆராய்ச்சிக் கட்டுரையின் அடிப்படையில் 1998-இல் அகமாய் என்ற சி.டி.என். நிறுவனம் பிறந்தது. மூன்றே ஆண்டுகளில், 2001 செப்டம்பர் 11 அன்று கடத்தப்பட்ட விமானம் ஒன்றில் லெவின் உயிர் நீத்தார்; அவருக்கு வயது 31. செய்தித் தளங்களை உலகமே மொய்த்த அந்த நாளில், அவற்றுள் பலவற்றின் பாரத்தைத் தாங்கியது அவர் உண்டாக்கிய வலையமைப்பு. இதை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சம் கனக்கிறது.

இனி இரண்டாவது கேள்வி. நாம் ஒரு தளத்தின் பெயரைத் தட்டியதும், அதன் எண் முகவரியை நம் கணிப்பொறி டி.என்.எஸ். என்னும் பெயரேட்டிடம் விசாரிக்கிறது. அங்கேதான் சி.டி.என். குறுக்கிட்டு, கேட்பவர் எந்தத் திசையிலிருந்து கேட்கிறார், எந்தத் தடத்தில் நெரிசல், எந்த சர்வர் களைத்திருக்கிறது என்பவற்றை ஆராய்ந்து, ஆளுக்கேற்ப வெவ்வேறு முகவரியைச் சொல்கிறது. நிலைமை மாறிக்கொண்டே இருப்பதால் அந்தப் பதில் 20 விநாடி போன்ற சொற்ப காலத்துக்கே செல்லும்.

மற்றொரு முறை எனிகாஸ்ட். கிளவுட்ஃப்ளேர் போன்ற நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பல நகரங்களிலிருந்து அறிவித்துவிட்டு, தேர்ந்தெடுக்கும் பொறுப்பை இணையத்தின் ரவுட்டர்களிடமே விட்டுவிடுகின்றன. அழகான முறை, ஆனால் ரவுட்டர்கள் கிலோமீட்டரைக் கணக்கிடுவதில்லை. இடையில் எத்தனை வலையமைப்புகள், எவருக்கும் எவருக்கும் என்ன வர்த்தக ஒப்பந்தம் என்பவையே அவற்றின் அளவுகோல். ஆதலால் ஒரே தெருவில் வசிக்கும் இருவருள் ஒருவருடைய கோரிக்கை உள்ளூர் சர்வரை அடைய, வேறு நிறுவனத்திடம் இணைப்பு வாங்கிய மற்றவருடைய கோரிக்கை கடல் கடந்து செல்வதும் உண்டு. நெட்ஃப்ளிக்ஸ் 2012-இல் அறிவித்த ஏற்பாடு இந்தச் சங்கடத்தை வேரோடு தவிர்க்கிறது: திரைப்படங்கள் நிறைந்த பெட்டிகளை இணைப்பு தரும் நிறுவனங்களின் கட்டடத்துக்குள்ளேயே வைத்து, நெரிசல் குறைந்த வேளையில் அவற்றைப் புதுப்பித்துக்கொள்கிறார்கள். நம் வங்கிக் கணக்கின் இருப்பு போன்றவற்றை இப்படிப் பிரதி எடுத்து வைக்க இயலாதுதான். அவற்றுக்கும் தொடக்கத் தொடர்பை அருகிலுள்ள சர்வரோடு முடித்துக்கொள்வதால் அலைச்சல் பெருமளவு மிச்சமாகிறது.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. டி.என்.எஸ். முறையில் சி.டி.என். பார்ப்பது பெரும்பாலும் உங்களையல்ல, உங்களுக்காக விசாரிக்கும் பெயரேட்டு சர்வரையே. அந்தப் பெயரேட்டு சர்வர் தொலைவில் இருந்தால் நீங்களும் தொலைவிலிருப்பதாகவே சி.டி.என். கருதக்கூடும். இதற்குப் பரிகாரமாக, கேட்பவரின் முகவரியில் ஒரு பகுதியைச் சேர்த்தனுப்பும் முறை 2016-இல் ஆவணமாக வெளியிடப்பட்டதாயினும், அந்தரங்கத்தைக் கருதிச் சில பெயரேட்டுச் சேவைகள் அதைக் கைக்கொள்வதில்லை. அதிவேக இணைப்புக்குப் பணம் கட்டியும் படங்கள் தயங்கித் தயங்கி வருமானால், இணைப்பைக் குறை சொல்லுமுன் உங்கள் டி.என்.எஸ். அமைப்பை ஒருமுறை மாற்றிப் பாருங்கள்.