சென்சாரை ஒரு நாளில் எத்தனை முறை பார்க்க வேண்டும்?

மேல்கையில் சென்சார் பொருத்திக்கொண்டு செல்லும் நீரிழிவு நோயாளிகள் மறுமுறை வரும்போது இரு வகையினராக இருப்பதைக் காண்கிறோம். சிலர் காலையில் ஒரு முறை பார்த்ததோடு நிறுத்திக்கொள்கின்றனர். வேறு சிலர் பத்து நிமிடத்திற்கு ஒரு முறை பார்த்துக் கலங்குகின்றனர். இரண்டுக்கும் இடைப்பட்ட வழியை இங்கே விளக்குகிறோம்.

சென்சார் எதை அளக்கிறது?

குளுக்கோமீட்டர் விரல்நுனி இரத்தத்தில் உள்ள சர்க்கரையை அளக்கிறது. சென்சாரோ தோலுக்கு அடியில் திசுக்களுக்கு இடையே உள்ள நீரில் அளக்கிறது. ஆகவே இரத்தத்தில் நேரும் மாற்றம் சென்சாரில் தெரிய 5 முதல் 15 நிமிடம் வரை ஆகலாம். எண்ணுடன் அம்புக்குறியையும் சேர்த்துப் பார்ப்பது அவசியம். 100 என்ற எண்ணுடன் அம்பு கிடையாக இருந்தால் நிம்மதி கொள்ளலாம். கீழ்நோக்கி இருந்தால் கவனம் தேவை.

அடிக்கடி பார்ப்பதால் பயன் உண்டா?

ஐரோப்பாவில் 50,000-க்கும் மேற்பட்ட சென்சார் கருவிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2018-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. அதில் நாளொன்றுக்குச் சுமார் 4 முறை மட்டும் பார்த்த பிரிவினரின் மூன்று மாதச் சராசரி மதிப்பீடு 8.0 விழுக்காடு. மிக அதிகமாக, 48 முறை பார்த்த பிரிவினருக்கு அது 6.7 விழுக்காடு. பார்ப்பது மட்டுமே சர்க்கரையைக் குறைத்துவிடாது. பார்த்ததற்கு ஏற்ப உணவையும் நடையையும் மருந்தையும் சீர்செய்வதே பலன் தரும்.

எப்போது பார்க்கலாம்?

• காலையில் எழுந்தவுடன்
• ஒவ்வொரு உணவுக்கு முன்னும், உண்டு இரண்டு மணி நேரம் கழித்தும்
• உடலுழைப்புக்கும் வாகனம் ஓட்டுவதற்கும் முன்
• உறங்கச் செல்லும் முன்
• வியர்வை, நடுக்கம், படபடப்பு தோன்றும்போது உடனே

கருவியை அருகே காட்டிப் பார்க்கும் வகைச் சென்சார்களில் பல, கடைசி 8 மணி நேரப் பதிவையே சேமித்து வைக்கும். நூற்பாலையில் இரவுப் பணி செய்வோர் பணிக்கு முன்னும் இடைவேளையிலும் பணி முடிந்ததும் பார்த்தால் பதிவு விடுபடாது.

கவனிக்க வேண்டியவை

உடல் உணர்வும் சென்சார் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் விரல்நுனிப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்துங்கள். அளவு 70-க்குக் கீழே இறங்கினால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கலந்து அருந்தி, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். அவ்வேளையில் பால்கோவா உதவாது. அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

உணவுக்குப்பின் எண் ஏறுவதைக் கண்டு அஞ்சி, மருத்துவர் கூறாமல் மீண்டும் மீண்டும் இன்சுலின் போடுதல் ஆபத்தானது. முன்பு போட்டது பல மணி நேரம் வேலை செய்யும். இரண்டும் சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடும்.

பெரும்பாலானோர்க்கு நாளின் 70 விழுக்காட்டு நேரம், அதாவது ஏறத்தாழ 17 மணி நேரம், சர்க்கரை 70-க்கும் 180-க்கும் இடையே இருந்தால் போதுமானது. முதியோருக்கு இந்த இலக்கு தளர்த்தப்படும்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். எண் கூடியதற்காகக் கடிந்துகொள்ளாதீர்கள். கடிந்தால் அவர்கள் பார்ப்பதையே விட்டுவிடுவர். என்ன உண்டார், எவ்வளவு நடந்தார் என்று உடனிருந்து குறித்து வையுங்கள். அக்குறிப்பையும் கருவியையும் அடுத்த வருகையின்போது கொண்டு வாருங்கள். சேர்ந்து பார்த்து மருந்தின் அளவை முடிவுசெய்வோம்.