சாத்திய கதவும் வெள்ளை ரிப்பனும்

வாலாஜாபாத் பக்கம் எங்கள் ஊர். அப்பா கல்யாணச் சமையல்காரர். ஐந்நூறு இலைக்குச் சாம்பார் என்றால் பருப்பு எவ்வளவு, புளி எவ்வளவு என்று வாய்க்கணக்காகவே சொல்லிவிடுவார். விடிவதற்குள் கோட்டை அடுப்பின் முன்னால் தலைத்துண்டோடு அவர் நிற்கும் தோரணைக்கே ஊரில் தனி மரியாதை. வீட்டுக்கு வந்தாலோ குடிக்கத் தண்ணீர்கூட மொண்டுகொள்ள மாட்டார். செம்பு கைக்கு வந்தாக வேண்டும்.

1986இல் அம்மா டைபாய்டில் படுத்துவிட்டாள். மூன்றாம் நாள் அப்பா தெருக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு அடுப்படிக்குள் போனார். சீரகம் தட்டிப் போட்ட நொய்க்கஞ்சி, பதம் பிசகவில்லை. ஆற்றி ஆற்றி அம்மாவுக்குக் கொடுத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, “யாராவது கேட்டா, பக்கத்து வீட்டு அத்தை வச்சுக் கொடுத்ததுன்னு சொல்லு” என்றார்.

ஏன் பொய் சொல்ல வேண்டும் என்று எட்டு வயதில் எனக்குப் புரியவில்லை. ஊருக்குச் சமைத்தால் தொழில், கட்டியவளுக்குக் கஞ்சி வைத்தால் பெண்டாட்டிதாசன். அன்றைய ஆண்களுக்குக் கைப்பக்குவம் இல்லாமல் இல்லை. நாலு பேர் பார்த்துவிடுவார்களே என்ற பயம்தான் அவர்களைக் கட்டிப்போட்டிருந்தது.

பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது எங்களுக்குப் பக்கத்துச் செங்கல்பட்டில்தான், 1929இல். அது தமிழ்நாட்டில் சட்டமாவதற்கு 1989 வரை ஆனது. ஆனாலும் எங்கள் தெருவில் ஆண்களை மாற்றியது சட்டத்தைவிட ஷிப்ட் பஸ்தான். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகள் வந்தபின் பெண்கள் விடியலில் பஸ் ஏறினார்கள். இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். அம்மா பஸ் ஏறிப் போன வீட்டில் பிள்ளையைப் பள்ளிக்குக் கிளப்ப வேறு யார் இருக்கிறார்கள்?

தம்பி எலக்ட்ரீஷியன். அவன் மனைவிக்குக் காலை ஷிப்ட் என்றால் ஐந்து மணிக்கே பஸ். ஏழரைக்குத் தெருத் திண்ணையில் மகளை உட்கார வைத்து, எண்ணெய் தடவி, வகிடெடுத்து, ரெட்டை ஜடை பின்னுகிறான். வயர் முறுக்கிப் பழகிய விரல்கள். பின்னல் இறுக்கமாக விழுகிறது. எதிர்வீட்டுப் பெரியம்மா கடந்து போகிறாள். அந்தக் காலமாக இருந்தால் கேலியாக ஒரு வார்த்தை விழுந்திருக்கும். இன்று, “எடப்பக்கம் கொஞ்சம் ஏறிடுச்சு பாருப்பா” என்று திருத்திவிட்டுப் போகிறாள்.

எனக்கு அதில் அத்தனை சந்தோஷம். ஆனாலும் எங்கள் திண்ணை ஒன்றே நாடாகிவிடாது. 2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஆறு வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் நாலில் மூன்று பேர் கணக்கெடுத்த நாளில் வீட்டு வேலை எதிலும் கை வைக்கவில்லை. செய்கிறவர்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 299 நிமிடம், ஆணுக்கு 97. 2024இல் அது 289, 88. இடைவெளி 202 நிமிடத்திலிருந்து 201 ஆகியிருக்கிறது. ஐந்து வருடத்தில் ஒரே ஒரு நிமிடம்!

விடுப்பிலும் இதே கதைதான். தமிழ்நாட்டில் அரசு ஊழியரான தாய்க்கு 2021 முதல் 12 மாத மகப்பேறு விடுப்பு. மத்திய அரசு ஊழியரான தந்தைக்கு 15 நாள். தனியாரில் வேலை பார்க்கும் தந்தைக்குச் சட்டப்படி ஒரு நாள்கூடக் கிடையாது. பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டவும் ஏந்தவும் கற்றுக்கொள்ளும் நாட்களில் அப்பனை வேலைக்கு அனுப்பிவிட்டு, பிறகு அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்கிறோம்.

போன வெள்ளிக்கிழமை நான் ஊரில் இருந்தேன். ஜடை பாதியில் இருக்கும்போது தம்பியின் போன் அடித்தது. தொழிற்சாலை லைனிலிருந்து டீ இடைவேளைக்கு வந்த மனைவி. “இன்னிக்கு வெள்ளை யூனிஃபார்ம். வெள்ளை ரிப்பன் அலமாரியில ரெண்டாவது தட்டுல இருக்கு.” பின்னுவது அவன் கை, நினைவு வைத்திருப்பது இன்னும் அவள் தலை.

அம்மா வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சாத்திய கதவுக்குள் கஞ்சி குடித்தவள். மெதுவாகச் சொன்னாள்: “ரிப்பன் கலரையும் நீயே ஞாபகம் வச்சுக்கடா. அந்தப் பத்து நிமிஷத்துல அவ டீயைச் சூடா குடிக்கட்டும்.”