குளத்தின் மேல் ஓடிய சைக்கிள்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாகர்கோவிலில் இருந்து சுசீந்திரம் வழியாகத் தேரூர் வரை சைக்கிளில் போய் வந்தேன். பயணத்தைப் பதிவு செய்ய ஸ்மார்ட் போனில் ஒரு அப்ளிகேஷனை இயக்கி, சட்டைப் பையில் போட்டிருந்தேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் மேப்பைத் திறந்தால், தேரூர் குளத்தின் குறுக்கே ஒரு நேர்கோடு! நான் தண்ணீர் மேல் சைக்கிள் ஓட்டியதாகக் காட்டியது. மொத்த தூரமும் குறைவாகவே இருந்தது. தவறு எங்கே என்று தேடியபோது தெரிந்துகொண்டவற்றை இங்கு தருகிறேன்.

எப்படிப் பதிவாகிறது?

போனில் உள்ள ஜி.பி.எஸ். ரிசீவர், சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் சாட்டலைட்டுகளின் சிக்னலைப் பெறுகிறது. குறைந்தது நான்கு சாட்டலைட்டுகள் கிடைத்தால் நாம் இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுவிடும். இதற்கு இன்டர்நெட் தேவையில்லை. மேப் படத்தைக் கொண்டு வரத்தான் இன்டர்நெட் வேண்டும்.

சில வினாடிகளுக்கு ஒருமுறை நம் இடமும் நேரமும் ஒரு புள்ளியாகப் பதிவாகின்றன. அப்ளிகேஷன் அந்தப் புள்ளிகளைக் கோட்டால் இணைக்கிறது. இடையில் புள்ளிகள் விட்டுப் போனால், இரு முனைகளையும் நேர்கோட்டால் இணைத்துவிடும். எனக்கு நடந்தது இதுதான். ஸ்கிரீன் அணைந்ததும், பேட்டரியை மிச்சப்படுத்த போனே அப்ளிகேஷனை நிறுத்திவிட்டது!

என்ன செய்ய வேண்டும்?

1. ஆண்ட்ராய்ட் போனில் செட்டிங்ஸ் சென்று ஆப்ஸ் பிரிவில் அந்த அப்ளிகேஷனைத் தேர்ந்தெடுங்கள். அதில் பேட்டரி என்பதைத் தொட்டு, அன்ரெஸ்ட்ரிக்டட் என அமைத்திடுங்கள். போனுக்குப் போன் இந்தப் பெயர்கள் சற்று மாறலாம்.

2. பயணத்தின்போது பேட்டரி சேவர் வசதியை நிறுத்தி வையுங்கள்.

3. வீட்டுக்குள் இருந்தபடி பதிவைத் தொடங்க வேண்டாம். திறந்த வெளியில் நின்று, சிக்னல் கிடைத்த பின் புறப்படுங்கள்.

அப்ளிகேஷன்களில் ஸ்ட்ராவா பலரும் அறிந்தது. ஓபன்டிராக்ஸ் என்ற ஆண்ட்ராய்ட் அப்ளிகேஷன் இன்டர்நெட்டையே பயன்படுத்துவதில்லை. பதிவு உங்கள் போனிலேயே இருக்கும்.

கம்ப்யூட்டரில் பார்க்க

பதிவை ஜி.பி.எக்ஸ். பைலாக எக்ஸ்போர்ட் செய்து, யு.எஸ்.பி. கேபிள் மூலம் கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள். இலவசமாகக் கிடைக்கும் கூகுள் எர்த் ப்ரோவில் பைல் மெனு சென்று ஓபன் கிளிக் செய்தால், நீங்கள் போன பாதை மேப்பில் கோடாக விரியும். இந்த பைலை நோட்பேடிலும் திறக்கலாம். ஒவ்வொரு புள்ளிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், நேரம் ஆகியவை வரிசையாக இருப்பதைக் காணலாம்.

திறந்த வெளியில் ஸ்மார்ட் போன் ஏறத்தாழ 5 மீட்டர் அளவுக்குத் துல்லியமாக இடத்தைக் காட்டும். அடர்ந்த மரங்கள், உயர்ந்த கட்டடங்கள் அருகே பிழை கூடும். உயரக் கணக்கில் பிழை இன்னும் அதிகம். எனவே, ஏறிய மேட்டின் அளவை அப்படியே நம்ப வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை

ஸ்ட்ராவா 2017 நவம்பரில், தன் பயனாளர்கள் சென்ற பாதைகளை எல்லாம் சேர்த்து ஓர் உலக மேப் வெளியிட்டது. சிரியா, ஆப்கானிஸ்தான் நாடுகளில் இருந்த அமெரிக்க ராணுவ முகாம்கள் அதில் பளிச்சென்று தெரிவதை 2018 ஜனவரியில் பலர் சுட்டிக் காட்டினர். வீரர்கள் ஓடிப் பயிற்சி செய்த பாதைகளே முகாம்களைக் காட்டிக் கொடுத்தன.

நமக்கும் இதே நிலைதான். கோடு தொடங்கும் இடம் உங்கள் வீடு. தினமும் எத்தனை மணிக்கு நீங்கள் வீட்டில் இல்லை என்பதும் பைலில் உள்ளது. எனவே, ஸ்ட்ராவாவின் பிரைவசி கன்ட்ரோல்ஸ் பிரிவில் பயணங்களை ஒன்லி யூ என அமையுங்கள். மற்றவர்கள் பார்க்க வேண்டுமானால், மேப் விசிபிலிட்டி மூலம் தொடக்கத்தையும் முடிவையும் மறைத்திடுங்கள். ஜி.பி.எக்ஸ். பைலை நண்பர்களுக்கு அனுப்பும் முன்பும் ஒருமுறை யோசியுங்கள்.

அடுத்த ஞாயிறு செட்டிங்ஸை மாற்றிவிட்டு அதே வழியில் போனேன். இம்முறை கோடு குளத்தில் இறங்கவில்லை. கரையைச் சுற்றிச் சாலையிலேயே வந்தது.